நீளமான மருத்துவச் சொல்லை வாலிலிருந்து பிரித்துப் படிப்பது எப்படி?

மருத்துவம், செவிலியம், மருந்தியல், உயிரியல் என எதைப் படிக்கத் தொடங்கினாலும் முதலில் வந்து நிற்பவை நீண்ட பெயர்கள்தான். ஹெபடோஸ்ப்ளீனோமெகலி, கோலிசிஸ்டெக்டமி, எலக்ட்ரோஎன்செஃபலோகிராம். எழுத்தெழுத்தாக உருப்போட்டால் இவை தேர்வறை வாசல் வரைதான் கூட வரும். பிரித்துப் படித்தால் நிலைத்து நிற்கும். இந்த மூன்று சொற்களிலும் சேர்த்து இருப்பவை ஒன்பதே துண்டுகள். அந்த ஒன்பதும் வேறு எத்தனையோ சொற்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. துண்டுகளில் பெரும்பாலானவை கிரேக்கம். எங்கே வெட்டுவது, எந்த வரிசையில் படிப்பது, எந்த இடத்தில் வேரை நம்பக்கூடாது என்ற மூன்றும் தெரிந்தால் புதிய சொல்லைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை.

கடைசித் துண்டில் தொடங்குங்கள்

ஒரு சொல்லில் முன்னொட்டு, வேர், பின்னொட்டு என்று மூன்று வகைத் துண்டுகள் இருக்கலாம். படிக்கும் வரிசை: முதலில் கடைசித் துண்டு, அடுத்து முதல் துண்டு, பிறகு நடுவில் இருப்பவை. ஹைப்போகிளைசீமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 'ஈமியா', அதாவது இரத்தத்தில் உள்ள நிலை. முதலில் 'ஹைப்போ', கீழே அல்லது குறைவு. நடுவில் 'கிளைக்', இனிப்பு. ஆக, இரத்தத்தில் சர்க்கரை குறைந்த நிலை. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இந்தப் பெயரைச் சொல்வார்கள்.

தமிழ் படித்தவருக்கு இந்த வரிசை கடினமே இல்லை. 'இரைப்பை அழற்சி' என்ற தொடரிலும் நோயின் வகையைச் சொல்லும் தலைமைச் சொல் கடைசியில்தான் வருகிறது. கேஸ்ட்ரைட்டிஸ் அதே அமைப்புதான்: 'கேஸ்டர்' இரைப்பை, 'ஐட்டிஸ்' அழற்சி. பெரிகார்டைட்டிஸ் என்றால் 'ஐட்டிஸ்' அழற்சி, 'பெரி' சுற்றி, 'கார்டி' இதயம்: இதயத்தைச் சுற்றியுள்ள உறையின் அழற்சி.

இரண்டு உறுப்புகள் வந்தால் வந்த வரிசையிலேயே படியுங்கள். ஹெபடோஸ்ப்ளீனோமெகலி: கல்லீரல், மண்ணீரல், பெரிதாதல். கோலிசிஸ்டெக்டமியில் 'கோலி' பித்தம், 'சிஸ்ட்' பை, 'எக்டமி' அகற்றுதல்: பித்தப்பையை எடுக்கும் அறுவை. எலக்ட்ரோஎன்செஃபலோகிராமில் நடுவே உள்ள 'என்செஃபலோ' கூடப் பிரியும். 'என்' உள்ளே, 'கெஃபலே' தலை. தலைக்குள் இருப்பது மூளை, 'கிராம்' பதிவு, முன்னால் மின்சாரம்.

நடுவில் வரும் 'ஓ'

இந்தச் சொற்களில் அடிக்கடி தலைகாட்டும் 'ஓ' ஓசைக்குப் பொருள் கிடையாது. அது ஒட்டுப் போடும் உயிர். தமிழில் இரண்டு உயிர் சந்தித்தால் இடையில் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக வருகிறது. கிரேக்கத்தில் இதற்கு நேர்மாறாக, மெய்யும் மெய்யும் மோதும் இடத்தில் ஓர் உயிர் வருகிறது. விதிகள் மூன்று. பின்னொட்டு உயிரில் தொடங்கினால் 'ஓ' விழும்: கேஸ்ட்ரைட்டிஸ். மெய்யில் தொடங்கினால் 'ஓ' நிற்கும்: கேஸ்ட்ரோஸ்கோபி. இரண்டு வேர்கள் சேரும்போது, இரண்டாவது வேர் உயிரில் தொடங்கினாலும் 'ஓ' பெரும்பாலும் நிற்கும்: கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ், இரைப்பை-குடல் அழற்சி.

பிரிக்கும்போது நேரும் முதல் தவறு இந்த 'ஓ'வை அடுத்த துண்டோடு சேர்ப்பது. இரண்டாவது, பழக்கமான ஓசையைக் கண்டதும் அங்கேயே வெட்டுவது. ஹெலிகாப்டரை 'ஹெலி', 'காப்டர்' என்றுதான் எல்லோரும் பிரிப்பார்கள். உண்மையான வெட்டு 'ஹெலிகோ', 'ப்டர்' என்று விழுகிறது. 'ஹெலிக்ஸ்' சுருள், 'ப்டெரான்' சிறகு. அழிந்துபோன பறக்கும் ஊர்வனமான டெரடாக்டிலின் தொடக்கத்தில் ஒலிக்காமல் நிற்கும் 'பி' இந்தச் சிறகின் 'பி'தான்.

முன்னொட்டுகளும் புணர்ச்சியில் திரியும். இன்மையைக் குறிக்கும் 'அ' உயிருக்கு முன் 'அன்' ஆகும்: ஏடிபிகல், ஆனால் அனீமியா. 'சின்' என்றால் சேர்ந்து. அது 'பி', 'எம்' எழுத்துகளுக்கு முன் 'சிம்' ஆகிறது, 'எல்' எழுத்துக்கு முன் 'சில்' ஆகிறது. சிம்ப்டம், சிம்பயோசிஸ், சிலபிள் மூன்றிலும் ஒரே முன்னொட்டுதான். 'மரம்' பன்மையில் 'மரங்கள்' ஆவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புலப்படும்.

பின்னொட்டுகள்: அதிக நேரம் இங்கே செலவிடுங்கள்

வேர் எந்த உறுப்பு என்று சொல்லும். அந்த உறுப்புக்கு என்ன ஆயிற்று, என்ன செய்யப் போகிறார்கள் என்பதைப் பின்னொட்டுதான் சொல்லும். எனவே பின்னொட்டுகளை முதலில் கற்பதே நல்லது.

அறுவை சிகிச்சையில் குழப்பக்கூடாத மூன்றைச் சிறுநீரகத்தின் கிரேக்கப் பெயரான 'நெஃப்ரோ'வோடு வைத்துப் பாருங்கள். நெஃப்ராட்டமி என்றால் சிறுநீரகத்தைக் கீறுதல், 'டோமே' வெட்டு. நெஃப்ரெக்டமி என்றால் சிறுநீரகத்தையே வெட்டி வெளியே எடுத்தல், 'எக்' வெளியே. நெஃப்ராஸ்டமி என்றால் சிறுநீர் வடியச் சிறுநீரகத்துக்கு ஒரு வாய் அமைத்தல், 'ஸ்டோமா' வாய். காதால் கேட்கும்போது மூன்றுக்கும் ஓரிரு ஓசைகளே வேறுபாடு. சிகிச்சையில் உள்ள வேறுபாடோ உறுப்பு உடலில் இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குப் பெரியது.

அடுத்து இரட்டை 'ஆர்' குடும்பம். 'ரியா' ஒழுகுதல்: டயரியா, ரைனோரியா. 'ரேஜ்' பீறிடுதல்: ஹெமரேஜ். 'ரஃபி' தைத்தல். 'ரெக்ஸிஸ்' கிழிதல். நான்கிலும் உயிருக்குப் பின் 'ஆர்' இரட்டிக்கும், பின்னாலேயே ஓர் 'எச்' வரும். டயரியாவின் எழுத்துக்கூட்டலில் தடுமாறுபவர்கள் 'டயா', 'ரியா' என்று பிரித்து எழுதினாலே பாதிப் பிழை போய்விடும்.

சிறுநீரைக் குறிக்கும் 'யூரியா' எளிது. அளவோடு சேர்த்து நினைவில் வையுங்கள். வயது வந்தவர் ஒரு நாளில் 3 லிட்டருக்கு மேல் கழித்தால் பாலியூரியா. 400 மில்லிலிட்டருக்குக் கீழே என்றால் ஆலிகூரியா, 'ஆலிகோஸ்' சொற்பம். 100 மில்லிலிட்டருக்கும் கீழே போனால் அனூரியா. நேர்ப்பொருளில் 'சிறுநீரே இல்லை' என்றாலும் நடைமுறையில் சிறிதளவு இருக்கும். இன்மை முன்னொட்டை எப்போதும் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அனீமியாவும் 'இரத்தமே இல்லாமை' அல்ல, ஹீமோகுளோபின் குறைவு.

'பீனியா' என்றால் வறுமை. த்ராம்போசைட்டோபீனியாவை வாலிலிருந்து படித்தால்: பற்றாக்குறை, உறைவு, அணு. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்த நிலை. மைக்ரோலிட்டருக்கு 1.5 இலட்சம் முதல் 4.5 இலட்சம் வரை இயல்பு. அதற்குக் கீழே இந்தப் பெயர். வெள்ளணு 4,000க்குக் கீழே போனால் லூக்கோபீனியா, 'லூக்கோஸ்' வெண்மை. இதே வெண்மையை இரத்தத்தோடு சேர்த்து 1847இல் ருடால்ஃப் விர்ஷோ வைத்த பெயர்தான் லுக்கீமியா.

'ஐட்டிஸ்' என்றதும் கிருமித் தொற்று என்று முடிவு கட்டாதீர்கள். அது அழற்சியை மட்டுமே சொல்கிறது. தோலில் ஒவ்வாத பொருள் பட்டாலும் டெர்மடைட்டிஸ் வரும். மது ஹெபடைட்டிஸை உண்டாக்கலாம்.

மிகவும் ஏமாற்றுவது 'ஓமா'. பொதுவாகக் கட்டி. லைப்போமா தீங்கற்ற கொழுப்புக் கட்டி. மெலனோமா, லிம்ஃபோமா, கார்சினோமா மூன்றும் புற்றுநோய். ஓசையை வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்ல வழியே இல்லை. ஹெமடோமா கட்டியே அல்ல, திசுவுக்குள் தேங்கிய இரத்தம். கிளாக்கோமாவும் ட்ரக்கோமாவும் கண் நோய்கள். முன்னதன் வேர் நீலச்சாம்பல் நிறத்தையும் பின்னதன் வேர் சொரசொரப்பையும் குறிக்கும். கோமாவில் இந்தப் பின்னொட்டே கிடையாது. ஆழ்ந்த உறக்கத்துக்கான கிரேக்கச் சொல் அது.

கருவி, செயல், பதிவு மூன்றையும் பிரித்தறிய ஓர் எளிய வழி: 'கிராஃப்' கருவி, 'கிராஃபி' செயல், 'கிராம்' கைக்கு வரும் தாள். இதில் ஃபோட்டோகிராஃப் விலக்கு. அங்கே பதிவே 'கிராஃப்' ஆகிவிட்டது.

ஹைப்பர், ஹைப்போ

முன்னொட்டுகளில் பெரும்பாலானவை ஒரே வாசிப்பில் படியும். 'டாக்கி' வேகம், 'பிராடி' மந்தம்: ஓய்விலிருக்கும் பெரியவரின் இதயம் நிமிடத்துக்கு 100க்கு மேல் துடித்தால் டாக்கிகார்டியா, 60க்குக் கீழே பிராடிகார்டியா. 'எண்டோ' உள்ளே, 'எபி' மேலே, 'பெரி' சுற்றி, 'பாரா' பக்கத்தில், 'டிஸ்' கோளாறு, 'யூ' நலம்.

தனியாக நின்று கவனிக்க வேண்டிய இணை ஹைப்பரும் ஹைப்போவும்தான். ஒன்று மிகுதி, மற்றொன்று குறைவு. வேகமாகப் பேசும்போதும் தொலைபேசியிலும் இரண்டும் ஒன்றுபோலவே விழும். பொட்டாசியத்தின் இயல்பு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல். அது குறைந்த நிலையான ஹைப்போகலீமியாவுக்குப் பொட்டாசியம் கொடுப்பார்கள். அதையே ஹைப்பர்கலீமியா உள்ளவருக்குக் கொடுத்தால் இதயம் நின்றுவிடலாம். ஆகையால் வாய்மொழியாகச் சொல்லும்போது சொல்லோடு நிறுத்தாமல் 'பொட்டாசியம் 2.9, குறைவு' என்று எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்பவர் திருப்பிச் சொல்லட்டும்.

ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர்

சிறுநீரகத் தமனி 'ரீனல்', ஆனால் சிறுநீரக அழற்சி 'நெஃப்ரைட்டிஸ்'. ஏன்? உடற்கூறு பெரும்பாலும் லத்தீனில் பெயர் பெற்றது. நோயும் அறுவையும் பெரும்பாலும் கிரேக்கத்தில். நுரையீரலுக்கு பல்மனரி, நிமோனியா. தோலுக்கு க்யூட்டேனியஸ், டெர்மடைட்டிஸ். மூளைக்கு செரிப்ரல், என்செஃபலைட்டிஸ். கருப்பைக்கு யூட்டரைன், ஹிஸ்டரெக்டமி. இடத்தைச் சொல்ல லத்தீன், சிக்கலைச் சொல்ல கிரேக்கம் என்று வைத்துக்கொண்டால் பல சொற்கள் தாமாக இடத்தில் அமரும். கல்லீரல் இதற்கு உடன்படாது. 'ஹெபாட்டிக்' இரண்டு பக்கமும் கிரேக்கம்தான். இரு மொழியும் கலந்த சொற்களும் உண்டு. ஹைப்பர்டென்ஷனில் தலை கிரேக்கம், உடல் லத்தீன்.

தமிழ் எழுத்து மறைக்கும் வேறுபாடுகள்

தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'உயிர்' என்ற வேரையும் 'சீழ்' என்ற வேரையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பயோ'. நம் பகரம் ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகளுக்கும் பொது. ஹைப்பர்ஹைட்ரோசிஸில் இருப்பது வியர்வை. ஹைட்ரோஜனில் இருப்பது நீர். முன்னதில் 'எச்' எழுத்துக்குப் பின் 'ஐ', பின்னதில் 'ஒய்'. தமிழில் இரண்டும் ஒன்றே. ஆகவே வேரை ஆங்கில எழுத்தில் எழுதி, பொருளைத் தமிழில் எழுதுங்கள்.

ஆங்கிலத்திலேயே மயக்கும் இணைகள் இன்னும் ஆபத்தானவை. டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்கச் சிரமம், டிஸ்ஃபேசியா என்றால் பேச்சுக் கோளாறு. ஓர் எழுத்துதான் வித்தியாசம். பக்கவாதம் வந்தவருக்கு இரண்டுமே வரக்கூடும் என்பதால் எது என்று சூழலை வைத்து ஊகிக்க முடியாது. அதுவும் விழுங்க முடியாதவர் என்பது தெரியாமல் உணவு கொடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

'மயோ' தசை. 'மயலோ' எலும்பு மஜ்ஜை அல்லது தண்டுவடம். 'மைக்கோ' பூஞ்சை. மூன்றும் வரிசையாகக் குழப்புபவை, அதிலும் நடுவில் உள்ளதற்கு இரண்டு பொருள். மயலோமா மஜ்ஜையின் நோய், மயலைட்டிஸ் தண்டுவட அழற்சி. 'சைட்டோ' அணு, 'சிஸ்டோ' பை. ஆர்ட்டீரியோ தமனி, ஆர்த்ரோ மூட்டு, அத்தரோ தமனியின் உட்சுவரில் படியும் கூழ். கிரேக்கத்தில் அந்த வேர் கஞ்சியைத்தான் குறித்தது. 'ஹெப்டா' ஏழு, 'ஹெபட்' கல்லீரல்.

மொழி மாறி வந்து மோதுபவை வேறு. கிரேக்க 'பெட்' குழந்தை. லத்தீன் 'பெட்' பாதம். 1741இல் நிக்கோலாஸ் ஆண்ட்ரி ஆர்த்தோபீடிக்ஸ் என்ற பெயரை உருவாக்கியபோது 'நேர்', 'குழந்தை' என்ற இரண்டையும்தான் சேர்த்தார். அவர் நூல் குழந்தைகளின் உடல் வளைவுகளைத் திருத்துவது பற்றியது. காலுக்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை. பிரிட்டிஷ் எழுத்துமுறை இங்கே உதவும்: குழந்தையைக் குறிக்கும் சொற்களில் 'ஏ', 'இ' இரண்டும் சேர்ந்து வரும், பெடலில் வராது. பாதத்துக்குக் கிரேக்கம் 'போட்': ஆர்த்ரோபோடா என்றால் மூட்டுக்கால் உயிரிகள். அதுபோலவே ஹோமோஜீனியஸில் உள்ளது கிரேக்க 'ஒரே', ஹோமோ சேப்பியன்ஸில் உள்ளது லத்தீன் 'மனிதன்'. ஆன்ட்டிபயாட்டிக்கில் கிரேக்க 'எதிர்', ஆன்டிநேட்டலில் லத்தீன் 'முன்'. 'மெட்ரான்' அளவு, 'மெட்ரா' கருப்பை. கருப்பையின் உட்படலமான எண்டோமெட்ரியத்தில் அளப்பதற்கு ஒன்றுமில்லை.

எழுத்துக்கூட்டலும் பலுக்கலும்

கிரேக்கத்திலிருந்து வந்த சொல் என்பதை எழுத்தே காட்டிக்கொடுக்கும். 'பி', 'எச்' சேர்ந்து ஃபகர ஓசை, 'சி', 'எச்' சேர்ந்து ககர ஓசை, நடுவில் 'ஒய்', தொடக்கத்தில் 'ஆர்', 'எச்'. சொல்லின் முதலில் வரும் 'பி-எஸ்', 'பி-என்', 'எம்-என்' கூட்டுகளில் முதல் எழுத்து ஒலிக்காது: சைக்காலஜி, நிமோனியா, நெமோனிக். முன்னால் ஓர் உயிர் வந்ததும் அதே எழுத்து உயிர்த்தெழும்: ஆப்னியா, அம்னீசியா. தொடக்கத்து 'எக்ஸ்' ஸகரமாகும்.

பன்மையும் கிரேக்க வழியில் போகும். டயக்னோசிஸ் பன்மையில் டயக்னோசீஸ். கிரைட்டீரியன் பன்மையில் கிரைட்டீரியா. ஸ்டோமா பன்மையில் ஸ்டோமட்டா. 'ஒரு கிரைட்டீரியா' என்று எழுதுவது பிழை.

வேர் உண்மை சொல்லாத இடங்கள்

பெயர் வைத்தவரின் காலத்து அறிவு பெயரில் உறைந்துபோகிறது. 1777இல் வேதியியலாளர் லவாசியே ஆக்ஸிஜனுக்கு 'அமிலம் உண்டாக்கி' என்ற பொருளில் பெயரிட்டார். எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜன் இல்லை என்பதை 1810 வாக்கில் ஹம்ஃப்ரி டேவி நிறுவினார். பெயர் மாறவில்லை. 'வெட்டமுடியாதது' என்ற பொருளில் 'ஆட்டம்' என்று பெயர்பெற்ற அணுவுக்குள்ளிருந்து 1897இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டார். குளோரோஃபிலில் குளோரின் கிடையாது. இரண்டுக்கும் பொதுவானது வெளிர்பச்சை என்ற நிறச்சொல் மட்டுமே. குளோரோஃபிலின் நடுவில் இருப்பது மக்னீசியம்.

ஆர்ட்டரி என்ற சொல் காற்றுக் குழாயைச் சுட்டியது. இறந்த உடலில் தமனிகள் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டவர்கள் அவற்றில் காற்றுதான் ஓடியது என்று கருதினார்கள். அவற்றில் இரத்தம் இருப்பதைக் காட்டியவர் காலன் என்ற பண்டைய கிரேக்க மருத்துவர். ஹிஸ்டீரியா கருப்பையைக் காரணமாக்கிய பழைய பெயர். இன்று நோய்ப்பெயராக வழங்குவதில்லை. 1908இல் ஆய்கன் பிளாய்லர் வைத்த ஸ்கிட்ஸோஃப்ரீனியாவின் நேர்ப்பொருள் 'பிளந்த மனம்'. ஒரே ஆளுக்குள் இரண்டு ஆளுமை என்று அதைப் புரிந்துகொள்வது முழுத் தவறு. எண்ணமும் உணர்வும் ஒன்றோடொன்று இணையாமல் போவதையே அவர் குறித்தார். இந்தத் தவறான வாசிப்பு நோயாளிகளைப் பற்றிய அச்சத்தை இன்றும் வளர்க்கிறது.

ஆகவே பிரித்துக் கண்ட பொருளை முதல் ஊகமாக மட்டும் வையுங்கள். அகராதியில் சரிபார்க்காமல் விடைத்தாளிலோ நோயாளியின் குறிப்பிலோ எழுதாதீர்கள்.

பயிற்சி முறை

ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்தி: துண்டு, பொருள், அது வரும் இரண்டு சொற்கள். ஒரே சொல்லோடு நிறுத்தினால் துண்டு தனியாக நினைவில் நிற்காது, சொல்தான் நிற்கும். முதலில் 25 பின்னொட்டு, அடுத்து 25 முன்னொட்டு, பிறகு 70 வேர். நாளுக்கு ஐந்து என்றால் 24 நாள். மறுநாள் நடுப்பத்தியை மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். மயக்கும் இணைகளை ஒரே நாளில் கற்காதீர்கள். ஒன்று நன்றாகப் படிந்த பிறகு மற்றதைத் தொடுங்கள். பிறகு பாடநூலின் ஏதேனும் ஒரு பக்கத்தில் தெரியாத சொல் பத்தைப் பொறுக்கி, கோடு போட்டுப் பிரித்து, பொருளை எழுதி, அதன் பின்னரே அகராதியைத் திறக்க வேண்டும். பார்த்துவிட்டுப் பிரிப்பது பயிற்சியாகாது.

தொடங்குவதற்கு மூன்று சொற்கள். ஆஸ்டியோமயலைட்டிஸ்: எலும்பு, மஜ்ஜை, அழற்சி. இங்கே 'மயலோ' மஜ்ஜைதான், தண்டுவடம் அல்ல என்பதை முன்னால் உள்ள எலும்பு சொல்கிறது. டாக்கிப்னியா: வேகம், மூச்சு, பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 20க்கு மேல். மூன்றாவது சூடோஹைப்போபாராதைராய்டிசம். முன்னொட்டுகள் அடுக்கி வந்தால் வேருக்கு அருகில் இருப்பதிலிருந்து வெளியே வாருங்கள். 'தைராய்டு' கேடய வடிவச் சுரப்பி, 'பாராதைராய்டு' அதன் பக்கத்துச் சுரப்பி, 'ஹைப்போ' அதன் செயல் குறைவு, 'சூடோ' பொய். இந்த நோயில் பக்கத்துச் சுரப்பி தன் ஹார்மோனைச் சுரக்கத்தான் செய்கிறது. உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அதனால் குறைவு போலத் தோன்றுகிறது.